வெங்காயத்தாள் என்று அம்மா பிடுங்கியது

பியர்ஃபொனில் நாங்கள் வீடு வாங்கியது ஒரு நவம்பர் மாதம். வளவைப் பார்த்து வாங்கவில்லை. பள்ளிக்கூடம் கிட்ட இருந்தது, அம்மாவுக்குக் கீழே தனியாக ஒரு அறை இருந்தது, அது போதும் என்று கையெழுத்து வைத்தோம். முன்பு இருந்தவர்கள் வயதான ஒரு தம்பதி. வீட்டைச் சுற்றி நாற்பது வருடமாகப் பூக்கன்று வைத்தவர்கள் என்று விற்றுத் தந்தவர் பெருமையாகச் சொன்னார். நாங்கள் பார்த்ததெல்லாம் வாடின இலையும், அதற்குப் பிறகு ஐந்து மாதம் பனியும்தான்.

ஏப்ரல் கடைசியில் பனி கரைந்தது. புல் இன்னும் பழுப்பாகக் கிடக்க, வேலியோரம் முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பச்சைத் தாள் எழும்பியிருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோசம்.

"பிள்ளை, இஞ்ச வந்து பார். வெங்காயத்தாள்! ஆரோ நட்டுப்போட்டு விட்டுட்டுப் போயிருக்கினம்."

அம்மா புன்னாலைக்கட்டுவனில் செம்மண் தோட்டத்துக்குள் வளர்ந்தவர். வெங்காயத்தைப் பற்றி அவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? நான் சமையலறைக்குள் நின்று "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒரு கட்டுத் தாளைப் பிடுங்கிக் கழுவி மேசையில் வைத்துவிட்டார். தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுக்கிற திட்டம்.

தடுத்தது எட்டு வயது மகள். ஒரு தாளைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, இது ஒண்டும் மணக்கேல்லையே" என்றாள்.

அம்மாவும் கசக்கிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. அப்போதுதான் சின்னவனைத் திரும்பிப் பார்த்தோம். மூன்றரை வயது. கதிரையில் ஏறி நின்று ஒரு தாளைச் சப்பிக்கொண்டிருந்தான்.

அடுத்த நிமிடம் கியூபெக் நச்சுத் தகவல் மையத்துக்கு எடுத்தேன். மறுமுனையில் இருந்தவர் பதற்றமில்லாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளைக்கு எத்தனை வயது? எத்தனை கிலோ? எவ்வளவு சாப்பிட்டான்? எப்போது? எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. கடைசியாக ஒரு கேள்வி: "என்ன செடி?"

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

சின்னவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு துண்டைக் கடித்துத் துப்பியிருந்தான், அவ்வளவுதான். ஆனால் அன்று பின்னேரம் முழுக்க அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று விளங்கியது. நாங்கள் வாங்கியது வீட்டை மட்டுமல்ல, நாற்பது வருடமாக அந்த மண்ணுக்குள் கிடக்கிறவற்றையும் சேர்த்துத்தான். அவற்றின் பெயர் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்தப் பெயர்களைப் பற்றியது. பெயர் தெரிந்த பிறகு, அவற்றை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதைப் பற்றியதும்.

மண்ணுக்குள் சேமிப்புக் கணக்கு

எங்கள் வளவில் எழும்பியது ஒரு பல்ப் செடி. பல்ப் என்றால் வேறொன்றுமில்லை, வெங்காயமும் உள்ளியும்தான் நமக்குத் தெரிந்த பல்புகள். இலை சூரிய ஒளியில் செய்கிற உணவை மண்ணுக்குள் ஒரு பொட்டலமாகக் கட்டி வைக்கும். மேலே பனி விழட்டும், இலை வாடட்டும், பொட்டலம் பத்திரமாகக் கிடக்கும். சில செடிகள் பல்பு இல்லாமல், இஞ்சி போலப் படுத்துக் கிடக்கும் கிழங்கிலோ, கோரைக்கிழங்கு போலச் சின்னச் சின்ன உருண்டைகளிலோ சேமிக்கும். வடிவம் வேறு, வேலை ஒன்று.

மொன்றியல் காலநிலைக்கு இது நல்ல தந்திரம். மேப்பிள் மரங்கள் இலை விடுவதற்கு முன்னால், ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நேரடியாக நிலத்தில் விழும். அந்த ஆறேழு கிழமைக்குள் இந்தச் செடிகள் எழும்பி, பூத்து, விதை போட்டு, அடுத்த வருடத்துக்கான சேமிப்பையும் முடித்துவிடும். ஜூன் கடைசியில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது.

நாம் ஏமாறுவதும் இங்கேதான். தோட்ட வேலைக்கு நமக்கு நேரம் வருவது பள்ளிக்கூடம் விட்ட பிறகு, ஜூலையில். அப்போது எதிரி கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் மண்வெட்டியால் கொத்துகிறோம், பல்புகள் உடைந்து சிதறுகின்றன, அடுத்த வசந்தத்தில் ஒன்றுக்குப் பத்தாய் வருகின்றன.

எல்லாப் பல்புச் செடியும் தொல்லை இல்லை. டியூலிப்பை அணிலே விட்டுவைப்பதில்லை. தொல்லை என்று சொல்வது, வைத்த இடத்தில் நிற்காமல் புல்லுக்குள்ளும் பக்கத்து வளவுக்கும் காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் போய், அங்கே ஏற்கெனவே இருந்த செடிகளின் இடத்தைப் பிடிக்கிறவற்றைத்தான்.

உங்கள் வளவில் இருக்கக்கூடியவை

*பதினொரு மணிச் சீமாட்டி.* எங்கள் வீட்டில் அம்மா பிடுங்கியது இதைத்தான். மே கடைசியில் பூத்த பிறகே உறுதியாகத் தெரிந்தது. ஆங்கிலத்தில் ஸ்டார் ஆஃப் பெத்லகேம், பிரெஞ்சில் டாம் தொன்ஸ் ஏர், அதாவது பதினொரு மணிச் சீமாட்டி. பெயருக்கு ஏற்றபடி வெயில் ஏறிய பிறகுதான் பூ விரியும். மப்பு நாளில் விரிக்காது. ஆறு வெள்ளை இதழ். பூவைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு இதழின் முதுகிலும் ஒரு பச்சைக் கோடு. பூக்காத காலத்தில் அடையாளம் இலைதான்: ஒடுக்கமான கரும்பச்சைத் தாள், நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு. வெங்காயத்தாளில் அந்தக் கோடு கிடையாது. கசக்கினால் வெங்காய மணம் வராது. முழுச் செடியிலும் நஞ்சு இருக்கிறது, பல்பில் அதிகம். அந்த நஞ்சு இதயத் துடிப்பைக் குழப்பும் வகை.

*சில்லா.* ஏப்ரல் கடைசியில் மொன்றியலின் பழைய குடியிருப்புகளில் நடந்தால், சில வீட்டு முன்புற்கள் நீலக் கம்பளம் விரித்ததுபோல இருக்கும். அதுதான் இது. பெயரில் சைபீரியா இருந்தாலும் பூர்வீகம் கோக்கசஸ், துருக்கிப் பக்கம். ஒரு சாணுக்கும் குறைவான உயரம், தலை குனிந்த நீலப் பூ, மகரந்தமும் நீலம். பல்புக்குப் பக்கத்தில் குட்டிப் பல்பு போடும், விதையாலும் பரவும். விதையின் ஓரத்தில் எறும்புக்குப் பிடித்த கொழுப்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையையே இழுத்துக்கொண்டு போகும். வேலிக்கு அப்பால், நீங்கள் நடாத இடத்தில் சில்லா வருவது இப்படித்தான். இதையும் சாப்பிடக் கூடாது.

*முகே.* ஆங்கிலத்தில் லில்லி ஆஃப் த வலி. மே மாதத்தில் சின்ன வெள்ளை மணிகள் வரிசையாகத் தொங்கும், வாசம் அருமையாக இருக்கும். பிரான்ஸில் மே முதலாம் திகதி ஆளுக்காள் கொடுக்கிற பூ இது. மண்ணுக்குள் இருப்பது பல்பு அல்ல, படுத்தபடி ஓடும் வேர்த்தண்டு. வீட்டின் வடக்குப் பக்க நிழலில் ஒருமுறை வைத்தால், ட்ரைவ்வேயின் தார் விளிம்பு வரை ஓடும். அகலமான இரண்டு இலை, கோடையில் செம்மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பழம். இலை, பூ, பழம் எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. பழம் பிள்ளைகளின் கண்ணில் இனிப்பு மாதிரித் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

*மஞ்சள் கோரை.* ஊரில் தோட்டம் செய்தவர்களிடம் கோரை என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று கியூபெக்கிலும் இருக்கிறது. ஜூன், ஜூலை வெயிலில் புல்லை வெட்டி மூன்றாம் நாளே மற்றப் புல்லைவிட உயர்ந்து, மஞ்சள் கலந்த பச்சையில் துருத்திக்கொண்டு நிற்கும். தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் உருளாது, முக்கோணமாகத் தட்டுப்படும். மண்ணுக்குள் கடலை அளவு கிழங்குகள் கிடக்கும். தண்டைப் பிடித்து இழுத்தால் தண்டு மட்டும் கையோடு வரும்.

*ஆற்றங்கரைக்காரர்.* எங்களைப்போல ரிவியேர் தே பிரேரி ஓரத்திலோ, லசாலில் சென் லோரன் ஓரத்திலோ இருக்கிறவர்கள் இன்னும் இரண்டைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒன்று மஞ்சள் ஐரிஸ். நீல ஐரிஸ் கியூபெக்கின் சொந்தப் பூ, 1999 முதல் மாகாணச் சின்னம். மஞ்சள் ஐரிஸ் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பூக்கும்வரை இலையை வைத்து இரண்டையும் பிரிப்பது கஷ்டம், ஆகவே பூவைப் பார்க்காமல் பிடுங்க வேண்டாம். மற்றது பூக்கோரை என்று சொல்லத்தக்க, பிரெஞ்சில் பியூத்தோம் என்கிற நீர்ச்செடி. இளஞ்சிவப்புப் பூங்கொத்து, பார்க்க அழகு. நூறு வருடத்துக்கும் மேலாக மொன்றியலுக்கு எதிர்க்கரையில் லா பிரேரி பக்கம் இருந்துவருகிறது. வேரில் விளையும் குட்டிப் பல்புகள் கழன்று தண்ணீரோடு போய்ப் புது இடத்தில் முளைக்கும். குளத்துக்கு வைக்கலாம் என்று யாராவது தந்தால் வாங்க வேண்டாம்.

பிடுங்கக் கூடாத ஒன்று

இதே ஏப்ரல் மாதத்தில், இதே மாதிரி அகலப் பச்சை இலையோடு, உண்மையாகவே உள்ளி மணக்கிற ஒரு பல்பும் இந்த மண்ணில் இருக்கிறது. பிரெஞ்சில் ஐ தே புவா, அதாவது காட்டு உள்ளி. இது இந்த நிலத்தின் பூர்வீகச் செடி. விதையிலிருந்து பூக்கும் நிலைக்கு வர ஏழு தொடக்கம் பத்து வருடம் பிடிக்கும். ஆட்கள் அள்ளிக்கொண்டுபோய் விற்று அழிந்துபோகிற நிலைக்கு வந்ததால், 1995 இல் கியூபெக் இதைப் பாதுகாக்கப்பட வேண்டிய இனமாக அறிவித்தது. விற்பனை முற்றாகத் தடை. சொந்தப் பாவனைக்கு ஒருவர் வருடத்துக்கு 50 பல்பு அல்லது 200 கிராம் வரை எடுக்கலாம், அதுவும் பாதுகாக்கப்பட்ட பூங்காக்களில் கூடாது.

பிரச்சினை என்னவென்றால், காட்டு உள்ளியும் முகேயும் இளம் பருவத்தில் அச்சொட்டாக ஒரே மாதிரி இருக்கும். ஒன்று சாப்பாடு, மற்றது நஞ்சு. ஒன்றைச் சட்டம் காக்கிறது, மற்றதை நாம் அகற்ற வேண்டும். அடையாளம் இதுதான்: காட்டு உள்ளியில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகப் பல்பிலிருந்து எழும்பும், காம்பு பெரும்பாலும் சிவந்திருக்கும், கீழே வெள்ளை வெங்காயம் இருக்கும். முகேயில் ஒரு இலை மற்றதைச் சுற்றிப் போர்த்தபடி ஒரே தண்டிலிருந்து வரும், கீழே வெங்காயம் இருக்காது, வேர்த்தண்டுதான் பக்கவாட்டில் ஓடும்.

மண இருந்தால் போதும்தானே என்று கேட்பீர்கள். மணம் உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. முதலில் கசக்கிய உள்ளியின் மணம் விரலில் ஒட்டியிருக்கும், அதற்குப் பிறகு எதைக் கசக்கினாலும் உள்ளிதான் மணக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் முளைத்திருந்தால் ஒரு கைப்பிடிக்குள் இரண்டும் வந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம் இப்போது இதுதான்: *மணக்காவிட்டால் நிச்சயமாகச் சாப்பாடு இல்லை. மணந்தாலும், நாங்கள் நட்டது இல்லையென்றால் சாப்பாடு இல்லை.*

பெயரை உறுதிசெய்ய நல்ல வழிகள் இருக்கின்றன. சீக் என்ற இலவச செயலியைப் பிள்ளைகளே பாவிக்கலாம், படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும். பூத்திருக்கும்போது எடுத்த படம் என்றால் பதில் நம்பகமாக இருக்கும், வெறும் இலை என்றால் சறுக்கும். சாப்பிடலாமா என்ற முடிவை மட்டும் ஒருபோதும் செயலியிடம் விடாதீர்கள். ஆக்கிரமிப்புச் செடிகளைப் பதிவுசெய்ய மாகாண அரசின் சாந்தினெல் என்ற கருவி இருக்கிறது. 1931 இல் தொடங்கிய மொன்றியல் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு மே மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு செடிக்கும் முன்னால் பெயர்ப்பலகை இருக்கும். படத்தில் பார்த்ததை நேரில் பார்த்தால் கண் மறக்காது.

மருந்தடிக்கலாமா?

"ஊரில எண்டால் மருந்து அடிச்சு முடிச்சிருப்பம்" என்றார் அம்மாவின் தம்பி. இங்கே அது நடக்காது, நடக்காமல் போனதற்குப் பின்னால் ஒரு நல்ல கதையும் இருக்கிறது.

மொன்றியல் தீவுக்கு மேற்கே ஹட்சன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜூன் எர்வின் என்ற தோல்நோய் மருத்துவர், புல்லுக்கு அடிக்கிற மருந்துகள் ஆட்களின் உடம்பைக் கெடுக்கின்றன என்று வருடக்கணக்காக ஊர்ச்சபைக் கூட்டங்களுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1991 இல் அந்த ஊர் அழகுக்காக மருந்தடிப்பதைத் தடைசெய்தது. மருந்தடிக்கிற நிறுவனங்கள் வழக்குப் போட்டன. வழக்கு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2001 இல் ஊர்தான் வென்றது. 2003 இல் கியூபெக் மாகாணம் முழுவதற்குமே பூச்சி, களைக்கொல்லிகளுக்கான விதிகள் வந்தன. மொன்றியல் நகரம் 2022 முதல் கிளைபோசேட் உட்படப் பல மருந்துகளின் விற்பனையையும் பாவனையையும் நிறுத்திவிட்டது.

சட்டத்தை விட்டாலும், பல்புச் செடிகளுக்கு மருந்து சரியாக வேலை செய்யாது. இலை மெழுகு பூசினது போல வழவழப்பு, மருந்து வழிந்து ஓடிவிடும். மிஞ்சுவது பிள்ளைகள் விளையாடுகிற புல்லில்தான். ஆகவே கையும் பொறுமையும்தான் வழி.

மூன்று வசந்தம்

ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை இல்லை இது. மூன்று வசந்தம் என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. நாங்கள் இப்போது மூன்றாவதில் நிற்கிறோம்.

முதல் வசந்தத்தில் தோண்டாமல் பார்ப்பதுதான் முக்கியம். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் கிழமைக்கு ஒருமுறை வளவைப் படம் எடுங்கள். எங்கே என்ன எழும்புகிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். பிள்ளைகளுக்கு இது பிடித்த வேலை. எங்கள் மகள் ஐஸ் குச்சிகளில் நிறம் பூசி நட்டாள்: சிவப்பு என்றால் தொடாதே, பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் இன்னும் பெயர் தெரியாது. அந்த வருடம் செய்ய வேண்டிய ஒரே வேலை, பூ வாடியவுடன், விதை முற்றுவதற்கு முன் பூத்தண்டுகளை வெட்டி எடுப்பது. விதையை நிறுத்தினாலே பாதிப் பரவல் நின்றுவிடும்.

அடுத்த வசந்தத்திலிருந்து தோண்டலாம். இலை பச்சையாக நிற்கும்போது, மழை பெய்த அடுத்த நாள், மண் ஈரமாக இருக்கையில் செய்ய வேண்டும். தாளைப் பிடித்து இழுக்காதீர்கள், தாள் அறுந்து பல்பு உள்ளே நின்றுவிடும். கொத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு முள்ளுமண்வெட்டியை இறக்கி, மண்ணோடு சேர்த்துக் கிளப்பி, ஒரு பொலித்தீன் விரிப்பில் போடுங்கள். பதினொரு மணிச் சீமாட்டி என்றால் இந்த விரிப்பு கட்டாயம். பெரிய பல்பைச் சுற்றி அரிசி மணி அளவில் குட்டிகள் ஒட்டியிருக்கும், தொட்டதும் கொட்டும். அம்மா தன்னுடைய பழைய மா அரிதட்டைக் கொண்டுவந்து மண்ணை அரித்தார். கடையில் வாங்கிய எந்தக் கருவியும் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யவில்லை. கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

புல்லுக்குள் பரவியிருக்கும் சில்லாவைத் தோண்டப் போனால் புல்லே மிஞ்சாது. அங்கே வேறு வழி: இலை வந்ததிலிருந்து புல்வெட்டியால் கட்டையாக, திரும்பத் திரும்ப வெட்டுங்கள். இலை இல்லாவிட்டால் சேமிப்பு இல்லை, வருடத்துக்கு வருடம் பல்பு சுருங்கும். மெதுவான வழிதான், ஆனால் முதுகு நோகாது.

முகேக்கு மூச்சு முட்ட வைப்பதுதான் சரி. முடிந்தவரை வேர்த்தண்டைக் கிளப்பிய பிறகு, மட்டைப்பெட்டிகளை விரித்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக ஏறும்படி அடுக்கி, நனைத்து, மேலே அரை அடிக்கு மரத்தூளோ பட்டைச் சீவலோ போடுங்கள். குறைந்தது இரண்டு வருடம் அப்படியே இருக்க வேண்டும். ஓரத்தால் எட்டிப் பார்க்கும், பார்த்தவுடன் பிடுங்குங்கள். பூக்கும் பாத்தியையும் புல்லையும் பிரிக்க அடி ஆழத்துக்கு ஒரு தடுப்புத் தகடு இறக்கிவிட்டால் திரும்ப ஓடாது.

மஞ்சள் கோரைக்குக் காலம் வேறு. புதுக் கிழங்கு வைப்பது கோடை நடுப்பகுதிக்குப் பிறகு. ஆகவே ஜூனிலேயே, ஐந்தாறு இலை வந்தவுடன் தோண்டி எடுக்க வேண்டும். மறுபடி முளைத்தால் மறுபடியும். ஒவ்வொரு முளைப்புக்கும் பழைய கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. நாம் விடாமல் நின்றால் அதன் கணக்கு முடிந்துவிடும்.

எடுத்த பல்புகளை எங்கே போடுவது? வீட்டுக் கம்போஸ்டில் போடாதீர்கள், அவை அங்கே சாகாமல் எருவோடு சேர்ந்து முழுத் தோட்டத்துக்கும் போகும். ஆற்றங்கரையிலோ பின்காணியிலோ கொட்டவே கூடாது. கறுப்புப் பொலித்தீன் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி, சில கிழமை நல்ல வெயிலில் வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள். உங்கள் பகுதியில் எந்தத் தொட்டியில் போட வேண்டும் என்று 311 இல் கேட்டால் சொல்வார்கள். "அழகான பூ, வேணுமா?" என்று சொந்தக்காரருக்குக் கொடுப்பதும் பரப்புவதுதான்.

எல்லாவற்றையும் அகற்றத்தான் வேண்டுமா? சில்லாவுக்கு நான் கொஞ்சம் இரங்குகிறேன். வேறு பூவே இல்லாத ஏப்ரலில் தேனீக்கள் அதில்தான் வந்து இறங்குகின்றன. சுற்றிவரத் தார் ரோட்டும் மதிலும் உள்ள நகர வளவு என்றால், விதை முற்றாமல் பார்த்துக்கொண்டு வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். பின்னால் சிறுகாடோ ஓடையோ இருந்தால் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் முகேயும் பதினொரு மணிச் சீமாட்டியும் எந்த இடத்திலும் வேண்டாம்.

நம் பூவும்கூட

இதை எழுதும்போது நம் வீடுகளில் இருக்கிற இன்னொரு கிழங்கையும் சொல்லாமல் விட முடியாது. கார்த்திகைப் பூ. தமிழ்நாட்டின் மாநிலப் பூ, ஈழத்தவர் மனதுக்கு எவ்வளவு நெருக்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மொன்றியலில் பலர் தொட்டியில் வைத்து, குளிர் வந்ததும் கிழங்கை எடுத்து பேஸ்மென்ற்றில் பத்திரப்படுத்துகிறார்கள். இங்கே அது பரவாது, நம் குளிர் விடாது. ஆனால் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் அதே பூ ஆக்கிரமிப்புக் களை, அங்கே அதைத் தேடித் தேடி அழிக்கிறார்கள். செடி எந்த ஊரிலும் கெட்டது இல்லை. இடம் மாறினால் கதை மாறுகிறது.

நாம் கவனிக்க வேண்டியது அதன் கிழங்கை. கொல்சிசின் என்ற கடுமையான நஞ்சு அதற்குள் இருக்கிறது. உணவுக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் இலங்கை மருத்துவக் குறிப்புகளில் உண்டு. பேஸ்மென்ற்றில் உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு டின்னில் போட்டு, மூடி, தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர் எழுதி, உயரத்தில் வையுங்கள். நமக்குத் தெரியும் என்பது போதாது. ஊரிலிருந்து வருகிற மாமிக்கும், பிள்ளை பார்க்க வருகிறவருக்கும் தெரிய வேண்டும்.

பிள்ளை கடித்துவிட்டால்

வாயில் மிஞ்சியிருப்பதை எடுத்து, வாயைத் துடைத்துவிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் நச்சுத் தகவல் மையத்தை அழையுங்கள்: 1 800 463 5060. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், இலவசம். செடியின் ஒரு துண்டை, முடிந்தால் வேரோடும் பூவோடும், கையில் வைத்திருங்கள், படமும் எடுங்கள். பிள்ளை மயங்கினாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, வலிப்பு வந்தாலோ நேராக 911. இந்த இலக்கங்களைக் குளிர்சாதனப்பெட்டியில் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். அம்மம்மா தனியாக இருக்கும்போதுதான் இது நடக்கும்.

பச்சைக் குச்சி

வெறுமையாக விட்ட மண்ணில் திரும்பவும் களைதான் வரும். நிழல் பக்கத்தில் முகே இருந்த இடத்தில் நாங்கள் கனடாக் காட்டு இஞ்சியும் பன்னங்களும் வைத்திருக்கிறோம். இரண்டும் இந்த மண்ணின் பிள்ளைகள். இஞ்சி என்பது பெயரில் மட்டும்தான், சமையலுக்கு இல்லை. அதற்கும் சிவப்புக் குச்சிதான்.

வேலியோரம் அம்மாவுக்கு.

அந்த நாளுக்குப் பிறகு அம்மா ஒரு வருடம் வளவுப் பக்கமே போகவில்லை. "எனக்கு இந்த ஊர் மண் விளங்கேல்லை" என்று மட்டும் சொன்னார். பேரனுக்குத் தன் கையால் நஞ்சைக் கொடுத்திருப்பேனே என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவர் பிழை செய்யவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை. அவருடைய கண் சரியாகத்தான் பார்த்தது, மண்தான் வேறு. மண்ணைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இங்கேயே வளர்ந்த நான். எனக்கே தெரிந்திருக்கவில்லை.

போன வருடம் ஒக்டோபரில், தோண்டி அரித்துச் சுத்தமாக்கிய அந்தப் பாத்தியைக் காட்டி, "அம்மா, இதில உள்ளி நடுவமா?" என்று கேட்டேன். குளிருக்கு முன்னால் பல்லுப் பல்லாக நட்டு, இலைச்சருகு போட்டு மூடினோம். எட்டு மாதம் கழித்து, இந்த ஜூனில், ஒவ்வொரு செடியின் நடுவிலிருந்தும் பூத்தண்டு சுருண்டுகொண்டு வந்தது. இங்கத்தைய ஆட்கள் ஃப்ளேர் தாய் என்று விரும்பிச் சாப்பிடுவது அதைத்தான்.

அம்மா ஒரு தண்டை முறித்தார். மணந்து பார்த்தார். பிறகு பேத்தியிடம் நீட்டினார்.

"மணக்குது அம்மம்மா."

"குச்சி என்ன நிறம்?"

"பச்சை."

அதற்குப் பிறகுதான் அம்மா தேங்காய் துருவப் போனார்.